பக்கம் பதினொன்றில் ஒரு திருத்தம்

1

காலை ஆறு இருபதுக்கு எழுந்துவிடுகிறேன். அலாரம் ஆறரைக்கு. அது அடிக்கும்வரை படுத்திருக்கிறேன். அடித்ததும் அணைக்கிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். எதிர் மாடியில் ஒருவர் சட்டைகளை உதறிக் காயப் போடுகிறார். தேநீர் குடிக்கிறேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டுகிறேன். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

(‘இரண்டு கோப்பை’ என்று எழுதி அடித்துவிட்டேன். மனைவியை இழந்தவன் கதை என்றால் இரண்டாவது கோப்பை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் மனைவி காலையில் தேநீர் குடித்ததே இல்லை. வாசிப்பதற்கு முன் உதட்டில் சூடு படக்கூடாது என்பாள்.)

இது நான்காவது தொடக்கம். முதல் மூன்றும் இவை:

மேடை விளக்குகள் மெல்ல மங்க

அவள் இறந்த ஆறாவது வாரம் அவள் வாசிக்க இருந்த கச்சேரியில்

மரணம் என்பது

மூன்றாவதை எழுதிய அன்று எழுந்துபோய்க் குளித்தேன்.

இதை என் மாமியார் கேட்டதால் எழுதுகிறேன். அவர் கேட்டது கதை இல்லை. ஒரே ஒரு வாக்கியம். அவருடைய மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது. அதை ஏற்கனவே அவரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். சொன்னது பொய். எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தவன், அதற்கு முன்னால் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் படிப்பது அந்த மற்றதை.

2

ஐம்பத்தெட்டுப் பேர் வாசிக்கும் ஒரு சேர்ந்திசைக் குழுவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் எதையும் வாசிப்பதில்லை. கச்சேரிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் பதினாறு பக்கக் கையேட்டை எழுதி, மெய்ப்புப் பார்த்து, அச்சுக்கு அனுப்புவது என் வேலை. இந்தப் படைப்பு எப்போது எழுதப்பட்டது, எத்தனை நிமிடம், இடையில் எங்கே கைதட்டக்கூடாது, இப்படி.*

* முதல் கையேட்டில், குச்சியோடு முன்னால் நிற்பவரை ‘நடத்துநர்’ என்று போட்டேன். டிக்கெட்டும் அவரே கிழிப்பாரா என்று கேட்டு ஒருவர் கடிதம் எழுதினார். அதிலிருந்து ‘இசை நடத்துநர்’.

என் மனைவி அந்தக் குழுவில் ஓபோ வாசித்தாள். ஒன்றரை முழக் கறுப்புக் குழல். நுனியில் நாணலைச் சீவிக் கட்டிய ஒரு சீவாளி. அந்தச் சீவாளியின் வாய் ஓர் அரிசி அகலம்கூட இருக்காது. காற்று உள்ளே போகாமல் நெஞ்சிலேயே தங்கிவிடும். மற்ற குழல்காரர்கள் மூச்சு போதாமல் திணறுவார்கள், நாங்கள் மூச்சு மீந்துபோய்த் திணறுவோம் என்பாள். மறுமூச்சு எடுப்பதற்கு முன் பழைய மூச்சை வெளியே தள்ள வேண்டும். அதற்கு எங்கே இடம் என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வாள்.

ஏழு வருடம் குழுவின் நடுவில் உட்கார்ந்து வாசித்தவளை இந்த வருடம்தான் முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். வயலினுக்கும் ஓபோவுக்கும் சேர்த்து எழுதப்பட்ட ஒரு பழைய படைப்பு. இரண்டு பேர் தனியாக வாசிப்பார்கள், குழு பின்னால் துணை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக் கச்சேரி. எங்கள் கையேட்டில் தனியாக வாசிப்பவர்களின் பெயர் ஒரே இடத்தில்தான் வரும்: படைப்பைப் பற்றிய பக்கத்தின் தலையில், படத்தோடு. இந்த முறை அது பக்கம் பதினொன்று.

கச்சேரிக்கு ஆறு வாரம் முன்பு, வியாழக்கிழமை காலை, வீட்டில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து அவள் இறந்தாள். வயது முப்பத்தொன்று. ஊதி ஊதித்தான் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்.

3

கச்சேரி அன்று காலை பதினொரு மணிக்கு அரங்கத்துக்குக் கையேட்டுக் கட்டுகள் வந்தன. அறுநூறு. மேலாளர் கட்டை அறுத்து ஒன்றை எடுத்துப் புரட்டினார். அவர் புரட்டும் வேகம் எனக்குத் தெரியும். பதினொன்றில் நின்றது.

“இங்க வாங்க” என்றார்.

போனேன். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வரிக் குறிப்பு. கீழே, குறிப்பு முடிந்ததற்கு நான் வழக்கமாகப் போடும் கோடு.

“இந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா இல்லையா?”

“பார்த்தேன்.”

“எப்பப் பார்த்தீங்க?”

தேதியைச் சொன்னேன். அவருக்கு அந்தத் தேதி தெரியும். அன்று அவள் உடலுக்கு மாலை வாங்கி வந்தவரே அவர்தான். கையேட்டை மூடிக் கட்டின் மேல் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பதிலாக வாசிக்க வெளியூரிலிருந்து ஒருவர் வர ஒப்புக்கொண்டார். அவரைப் பற்றிய குறிப்பு வந்தது. தட்டச்சு செய்தேன். இரண்டு பிழை திருத்தினேன். பிறகு கையேட்டின் கணினிக் கோப்பை அச்சுக்கு அனுப்பினேன். அந்தக் கோப்பில் பக்கம் பதினொன்றுக்கு ஏற்கனவே பச்சைக் குறி இட்டிருந்தது. பச்சை என்றால் முடிந்தது. முடிந்த பக்கத்தை நான் மறுபடி திறப்பதில்லை. அது என் ஒழுங்கு. புதிய குறிப்பு என் மேசையில், பிழையில்லாமல், தனியாக இருந்தது.

“நாலு மணிக்குள்ள மறுபடி அச்சடிக்க முடியாது” என்றார் மேலாளர். “இணைப்புச் சீட்டு போட்டுடலாம். நம்மகிட்ட மாதிரி வாசகம் இருக்கு. நீங்க வேணாம், நான் வேற யாரையாவது எழுதச் சொல்றேன்.”

“நானே எழுதறேன்.”

“வேணாம்பா.”

“வேற யாராவது எழுதினா பிழை வரும்” என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. அவர் சிரிக்கவில்லை. நானும்.

4

மாதிரி வாசகம்:

தவிர்க்க இயலாத காரணங்களால் இன்று ——— பங்கேற்க இயலவில்லை. அவருக்குப் பதிலாக ——— வாசிப்பார். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

கோடிட்ட இடங்களில் இரண்டு பெயரையும் நிரப்பினேன். பிறகு மெய்ப்புப் பார்த்தேன்.

‘இயலாத’, ‘இயலவில்லை’. ஒரே வாக்கியத்தில் இரண்டு. வேறு நாளாக இருந்தால் ஒன்றை மாற்றியிருப்பேன்.

‘இன்று’. நாளைக்கு இயலும் என்று படுகிறது. எடுத்தேன். எடுத்தால் வாக்கியம் எதற்கென்று தெரியாமல் நிற்கிறது. திரும்பப் போட்டேன்.

‘தவிர்க்க இயலாத’. இதில்தான் பதினைந்து நிமிடம் போனது. தவிர்க்க இயலாதது என்று யார் சொன்னது? ஆறு வாரமாக எனக்குத் தெரியாத ஒன்றை அறுநூறு பேருக்கு எழுத்தில் உறுதி கொடுக்கிறேன்.

(இந்தப் பகுதியை நீட்டலாம். சொற்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். அதனாலேயே நிறுத்துகிறேன்.)

பன்னிரண்டு நாற்பதுக்கு மாதிரி வாசகத்தை அப்படியே அச்செடுத்தேன். உள்ளங்கை அகலச் சீட்டு. அறுநூறு.

5

என் மாமியார் சீக்கிரம் வந்துவிட்டார்.

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: அத்தை கண்ணாடியை மறந்து வந்திருந்தார். ‘இதென்ன’ என்றார். ‘விளம்பரம்’ என்றேன். தன் மகள் வரமாட்டாள் என்று சொல்லும் சீட்டுகளை, என்னவென்று தெரியாமலே, ஒவ்வொன்றாகச் செருகிக்

அங்கே நிறுத்தினேன். நல்ல காட்சி. ஆனால் அத்தை கண்ணாடியை மறக்கிறவர் இல்லை. முப்பது வருடம் பள்ளியில் பரீட்சைத்தாள் திருத்தியவர். உண்மையில் நடந்தது இதைவிட எளிது. நடைவழியில் நீள மேசை போட்டு நான் செருகிக்கொண்டிருந்தேன். வந்தார். பையைக் கீழே வைத்தார். கையேட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். சீட்டை எடுத்து முன்பக்கம் படித்தார். பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை.

“எத்தனை?”

“அறுநூறு, அத்தை.”

“பாதியை இப்படித் தள்ளுங்க.”

எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் என்னைவிட வேகம். சீட்டு விளிம்பு கையேட்டு விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும் அவருக்கு. நான் வைத்ததில் சிலதை எடுத்துச் சரிசெய்தார்.

அவரும் அவளும் கடைசி இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் போனில் அத்தை, “நீ அந்தக் குழலோடதான் குடும்பம் நடத்தறே, பாவம் அந்தப் பையன்” என்றார். பாதி விளையாட்டு. இவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் யார் முதலில் கூப்பிடுவது என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே மூக்கு.

அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்து, “கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை” என்று கேட்டபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. “ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போலாமான்னு கேட்டா” என்றேன். யோசிக்கவில்லை. மெய்ப்புப் பார்க்காமல் நான் வெளியே விட்ட முதல் வாக்கியம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வர இருந்தா, ஞாயித்துக்கிழமை வர இருந்தா. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களிடம்கூட.

மேசையில் இருநூறாவது கையேட்டை நெருங்கும்போது, “இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார். “அவ எப்படிச் சொன்னான்னு.”

சொன்னேன்.

“போன தடவை ‘போலாமா’ன்னு கேட்டதா சொன்னீங்க. இப்ப ‘போலாம்’ங்கறீங்க.”

“போலாமான்னுதான்.”

“சரி” என்றார். அடுத்த சீட்டை எடுத்தார்.

6

பதிலுக்கு வந்த வாசிப்பாளரை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எழுத எழுத ரொம்ப நல்லவராகிவிடுகிறார். அதனால் முதலில் இது: வந்த அரை மணி நேரத்தில், ஏசி சீவாளியைக் காயவைக்கிறது என்று மூன்று பேரைத் திட்டினார். அவருக்குக் கொடுத்த அறையின் நாற்காலி ஆடுகிறது என்று நான்காவதாக ஒருவரையும். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கட்டையான குரல்.

“நீங்கதான் புத்தகம் போடறவரா?” என்றார்.

“ஆமா. மன்னிச்சிடுங்க. என் தப்பு. சீட்டு வைக்கிறோம்.”

“என் பேர் விட்டுப்போனா எனக்கு ஒண்ணுமில்ல. முப்பது வருஷமா விட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.” சீவாளியை வாயில் வைத்து எடுத்தார். “ஆனா நான் இன்னைக்குச் சொதப்பினா அந்தப் பொண்ணு சொதப்பினதா ஆயிடும். செத்தவங்க மேல பழி போடறது எனக்குப் பிடிக்காது. எல்லாத்துலயும் வச்சிடுங்க. ஒண்ணு விடாம.”

போகத் திரும்பியபோது கூப்பிட்டார்.

“அவங்க தாளைத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. மூச்சுக்குறியெல்லாம் இருக்கு. நல்லா யோசிச்சுப் போட்டிருக்காங்க. ஆனா எனக்கு ஒத்துவராது. என் நுரையீரல் வேற. அழிச்சிடட்டுமா, இல்ல அப்படியே விட்டு வேற இடத்துல எடுத்துக்கட்டுமா?”

“விடுங்க” என்றேன்.

“விட்டா கண்ணு அங்க போகும்.”

“அப்ப அழிச்சிடுங்க.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார். என் சட்டைப்பையில் இருந்தது. எப்போதும் இருக்கும்.

7

கச்சேரி.

(இந்தத் தலைப்பின் கீழ் ஒன்பது பக்கம் எழுதினேன். ஒலி, ஒளி, மரம், நதி என்று எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது கீழே.)

அத்தையும் நானும் எட்டாவது வரிசை. முதலில் ஒரு சிறிய படைப்பு. பிறகு நாற்காலிகளை நகர்த்தி முன்னால் இருவருக்கு இடம் செய்தார்கள். வயலின்காரர் வந்தார். பின்னால் கட்டைக் குரல்காரர் கறுப்பு உடையில் வந்தார். கைதட்டினார்கள். பக்கத்தில் ஒருவர் கையேட்டைத் திறந்தார். சீட்டு அவர் மடியில் விழுந்தது, அங்கிருந்து தரைக்கு நழுவியது. அவர் குனியவில்லை.

மெதுவான பகுதி வந்தது. குழுவில் உள்ளவர்கள் தந்திகளை விரலால் மட்டும் மீட்டினார்கள். அதன் மேல் வயலினும் ஓபோவும் ஒன்றையொன்று தொடர்ந்து போயின. இந்தப் பகுதியைச் சுவருக்கு அப்பாலிருந்து பல மாதம் கேட்டிருக்கிறேன், ஓபோவின் பாதியை மட்டும். வயலினின் பாதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் நிறுத்திக் காத்திருந்த இடங்களெல்லாம் இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மூச்சு எடுக்கும் இடம் வந்தது. மேடையில் இருந்தவர் எடுக்கவில்லை. தாண்டிப் போனார். இரண்டு வரி கழித்து வேறோர் இடத்தில் எடுத்தார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேறு இடத்தில் மூச்சு எடுத்தும் அது நன்றாக இருந்தது.

நான் அழவில்லை. என் கை என் முழங்காலில் இருந்தது. அது யாருடைய கையோ போல் இருந்தது.

(கடைசி வாக்கியம் பழையது. எல்லாக் கதையிலும் கை இப்படி ஆகிவிடுகிறது. ஆனால் இருந்தது.)

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கையேட்டில் படத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். தன் மனைவியிடம், “போட்டோ ரொம்பப் பழசு போலிருக்கு” என்றார். “ஆனா பிரமாதமா வாசிக்குது.”

அத்தைக்கு அது கேட்டது. குனிந்து, அவர் காலடியில் கிடந்த சீட்டை எடுத்து, தூசி தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

8

இரண்டாம் பாதிக்கு நாங்கள் இருக்கவில்லை. வெளியே இன்னும் வெயில் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றோம்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றார் அத்தை. “எல்லாப் பக்கமும் ஒழுங்கா இருக்கு. நான் படிச்சிட்டேன். ஒரு புள்ளி தப்பில்ல. அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் பார்க்கல?”

“கவனக்குறைவு, அத்தை.”

“நீங்க கவனக்குறைவான ஆள் இல்ல. அவ என்கிட்ட சொல்லியிருக்கா. குழம்புல உப்பு இல்லன்னா கவனிக்க மாட்டார், சீட்டுல கமா இல்லன்னா ராத்திரி தூங்க மாட்டார்னு.”

பேருந்து ஒன்று வந்து, ஆள் ஏற்றிப் போனது.

“அன்னைக்குக் காலைல நீங்க அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அதான?”

“ஆமா.”

“அவ ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னது நிஜமா, இல்ல எனக்காகச் சொன்னீங்களா?”

வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல.

“இப்ப வேணாம். வாயால சொன்னா நீங்க இன்னொண்ணு சொல்லுவீங்க. எழுதிக் குடுங்க. எழுதினா உங்களால தப்பா விட முடியாது. அடிச்சி அடிச்சியாவது சரிபண்ணிடுவீங்க.”

அவருடைய பேருந்து வந்தது. ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்தது. என்னைப் பார்க்காமல் பையில் எதையோ தேடிக்கொண்டே போனார்.

9

முடிவுகள்.

ஒன்று. பொய்யையே எழுதிக் கொடுக்கிறேன். ‘ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகலாமா என்றாள்.’ நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல். அடித்தல் இல்லாததைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். தெரிந்ததாகக் காட்டமாட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு.

இரண்டு. உண்மையை எழுதிக் கொடுக்கிறேன். மகள் தன்னிடம் கோபமாகவே போய்விட்டாள் என்று அவர் படிக்கிறார். கோபம்கூட இல்லை. அந்தக் காலை அவள் பேச்சில் அம்மாவே வரவில்லை. கூடவே என்னைப் பற்றியும் படிக்கிறார். ‘பாவம் அந்தப் பையன்’ என்று இனி ஒருபோதும் சொல்லமாட்டார்.

மூன்று. எதுவும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பண்டிகைக்குப் போன் செய்கிறோம். பிறகு அதுவும்

நான்கு. அன்று காலை நான் எழுந்து போகிறேன்.

(இது முடிவு இல்லை. நீக்கு.)

10

வியாழக்கிழமை. நான் சாப்பாட்டு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒன்பதே காலுக்குத் தொடங்கினாள். நீளமான சுரங்கள், பிறகு மெதுவான பகுதி.

ஓபோ வாசிப்பவரோடு வாழ்ந்தால் ஒன்று பழகிவிடும். வாசிக்கும் நேரத்தைவிடச் சீவாளியைச் சீவும் நேரம் அதிகம். வாசிப்பாள், நிறுத்துவாள், கத்தியால் தூசி அளவு சீவுவாள், நாக்கில் வைத்துப் பார்ப்பாள், மறுபடி சீவுவாள். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டாது. மற்ற வீடுகளில் சத்தம் சட்டென்று நின்றால் என்ன ஆச்சு என்று எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் சத்தம் நின்றால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அப்போது கதவைத் தட்டினால் கோபப்படுவாள்.

அவள் கூப்பிட்டபோது பத்து மணி ஆறு நிமிடம். பதினோராம் பக்கத்தின் ஒன்பதாம் வரியில் இருந்தேன். அவளைப் பற்றிய குறிப்பு. ‘ஏழு ஆண்டுகளாக’ என்பதா, ‘ஏழு ஆண்டாக’ என்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டோம். பிறகு உள்ளே சத்தமில்லை. சீவுகிறாள் என்று நினைத்தேன். பதினான்கு வரியையும் முடித்தேன். பச்சைக் குறி இட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். அது அவ்வளவு நல்ல மௌனமாக இருந்தது. எழுந்துபோனபோது பத்து முப்பத்தெட்டு.

“கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா...” என்று டாக்டர் தொடங்கினார். நர்ஸ் வந்து கூப்பிட்டார். போய்விட்டார். அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. தினம் ஒருமுறை முடித்துப் பார்க்கிறேன். எப்படி முடித்தாலும் பொருந்துகிறது.

இனி நான் எழுத வேண்டியது அத்தை கேட்ட வாக்கியம் மட்டும். எழுதப் போகிறேன். அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் தெம்பு எனக்கில்லை. அதை உங்களிடம் விடுகிறேன். அவர் பார்க்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், தாளை இந்த வரியோடு கிழித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் கொடுங்கள். முடிக்கத் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வார். பார்க்கலாம் என்று தோன்றினால் அப்படியே கொடுங்கள்.

“இங்க கொஞ்சம் வாயேன்” என்றாள். சாதாரணக் குரல்.

“ஒரு பக்கம்தான் பாக்கி” என்றேன்.

“அவசரம் ஒண்ணும் இல்லடா. முடிச்சிட்டே வா.”